அரக்கு ஏன் பழுப்பாகிறது? எல்ஈடி பல்பு வாங்குமுன் கொஞ்சம்

பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் ஒருமுறையாவது புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வருவார்கள். "வெளிச்சத்துல பார்த்துட்டு வரேன்" என்றால் கடைக்காரரும் மறுப்பதில்லை. கடைக்குள் இருப்பதும் வெளிச்சம்தான், கண் கூசும் அளவுக்கு இருக்கும். ஆனாலும் நிறம் பார்க்க அது உதவாது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தத் தெளிவு வீட்டுக்குப் பல்பு வாங்கப் போகும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது. "ஒன்பது வாட், ஒயிட்டு, பின் டைப்பு" என்று மூன்று சொல்லில் வியாபாரம் முடிந்துவிடும்.

அந்த மூன்று சொல்லில் விடுபடுவது சிவப்பு. வீட்டு எல்ஈடி பல்பின் கீழே மஞ்சள்பொடி நன்றாகவே தெரியும். கறிவேப்பிலை பச்சையாகத்தான் இருக்கும். மிளகாய்த்தூள்தான் செங்கல்பொடி மாதிரி ஆகிவிடும். அரக்கு நிறம் பழுப்புப் பக்கம் சாயும். வாடாமல்லி கொஞ்சம் நீலம் பாய்ந்ததுபோல் இருக்கும். நம்முடைய மாநிறத் தோல் சாம்பல் பூத்து, தூக்கமில்லாத முகமாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்து "என்ன இப்படி இருக்கோம்" என்று தோன்றினால், முதலில் பல்பைச் சந்தேகப்படுவது நல்லது.

காரணம் பல்புக்குள் இருக்கிறது. எல்ஈடி சில்லு நேரடியாக வெள்ளை ஒளி தருவதில்லை. அது தருவது 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலம். (அந்த நீல எல்ஈடிக்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.) சில்லின் மேல் பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாகத் துப்புகிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகப்படுகிறது. அந்த வெள்ளையை அலைநீளவாரியாகப் பிரித்து வரைந்தால் நீலத்தில் ஒரு கூர்மையான சிகரம், 480 நானோமீட்டர் பக்கம் ஒரு பள்ளம், மஞ்சளில் ஒரு பெரிய மேடு, சிவப்புக்குப் போகப் போகச் சரிவு. ஒளியில் இல்லாத நிறத்தைத் துணியால் திருப்பி அனுப்ப முடியாது. அரக்குப் பட்டு 620 நானோமீட்டருக்கு மேலே உள்ள ஒளியைத்தான் அதிகமாகத் திருப்பி அனுப்பும். அது வந்து சேரவே இல்லையென்றால் பட்டு என்ன செய்யும்?

சிவப்பு பாஸ்பரையும் சேர்த்துப் பூசினால் தீர்ந்தது. அந்தத் தொழில்நுட்பம் பல வருடமாக இருக்கிறது. பிறகு ஏன் எல்லாப் பல்பிலும் போடுவதில்லை? லூமன் கணக்குதான் காரணம். லூமன் என்பது மனிதக் கண்ணின் கூர்மையை வைத்து எடைபோட்ட ஒளி. 555 நானோமீட்டர் பச்சைக்குக் கண் முழு மதிப்பெண் தருகிறது. 650 நானோமீட்டர் சிவப்புக்குக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒரு வாட் மின்சாரத்தை ஆழ்ந்த சிவப்பாக மாற்றினால் லூமன் கணக்கில் அது ஏறக்குறைய வீண்செலவு. பெட்டியின்மேல் "வாட்டுக்கு 100 லூமன்" என்று போட்டிபோடும் சந்தையில் முதலில் வெட்டுப்படுவது சிவப்பு. இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கு மேல் பல்புகள் போயின. குண்டு பல்பை ஒழித்து மின்சாரத்தை மிச்சம்பிடித்த நல்ல காரியம் அது. ஆனால் பல்பு என்றால் விலை, வாட், வெளிச்சம் மூன்றும்தான் என்ற பழக்கமும் கூடவே ஊறிப்போனது.

சிஆர்ஐ எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது

ஒரு விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் சிஆர்ஐ. சிஐஇ என்ற பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1965-இல் கொண்டுவந்து 1974-இல் திருத்தியது. முறை எளிது. எட்டு நிற அட்டைகளை எடுத்துக்கொள்கிறார்கள். அவை ஒரு முன்மாதிரி ஒளியில் எப்படித் தெரியும், இந்த விளக்கில் எப்படித் தெரியும் என்று கணக்கிடுகிறார்கள். வித்தியாசம் கூடக்கூட நூறிலிருந்து மதிப்பெண் குறையும். எட்டின் சராசரிதான் பெட்டியில் போடுகிற எண்.

சிக்கல் அந்த எட்டு அட்டைகளில். எல்லாமே வெளிறிய, சாயம் போன மாதிரியான நிறங்கள். அரக்கு கிடையாது, மிளகாய்ப்பழம் கிடையாது, குங்குமம் கிடையாது. அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது அட்டை. அதன் மதிப்பெண்தான் ஆர்9. அது சராசரியில் சேராது. பத்து மஞ்சள், பதினொன்று பச்சை, பன்னிரண்டு நீலம், பதின்மூன்று வெள்ளையர் தோல், பதினான்கு இலைப்பச்சை. ஆசியத் தோலுக்கென்று ஜப்பானியர்கள் பதினைந்தாவதைச் சேர்த்தார்கள். எல்லாம் கூடுதல் தாளில் வரும் மதிப்பெண்கள், ரேங்க் கார்டில் வராது. அதனால் சிஆர்ஐ 80 வாங்கிய பல்பு ஆர்9-இல் பத்தோ சைபரோ வாங்கியிருக்கலாம். சைபருக்குக் கீழேயும் போகும். கணக்கு முறையே அப்படி: 100-இலிருந்து நிறப் பிழையை 4.6-ஆல் பெருக்கிக் கழிப்பார்கள், பிழை பெரிதானால் விடை மைனஸ்.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. சிஆர்ஐ எவ்வளவு, ஆர்9 எவ்வளவு. கலிபோர்னியாவின் வீட்டுக் கட்டட விதியில் உயர்தர விளக்குக்கு சிஆர்ஐ 90-க்கும் ஆர்9 50-க்கும் குறையக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நியாயமான கோடு அது. நம் வீட்டுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் வீட்டுப் பல்புக்கான அடிமட்டம் சிஆர்ஐ 80. நம் கடைகளில் கிடைக்கும் நல்ல பல்புகள் பெரும்பாலும் அந்த 80-இல்தான் நிற்கின்றன.

80-இலிருந்து 90-க்குப் போவது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். 92-இலிருந்து 97-க்குப் போவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஓவியரோ, துணிக்குச் சாயம் போடுகிறவரோ, புகைப்படம் எடுக்கிறவரோ இல்லையென்றால் அந்த ஐந்து எண்ணுக்குக் காசு கொட்ட வேண்டாம். 92-ம் ஆர்9 60-ம் உள்ள பல்பு, ஆர்9 பற்றி மூச்சு விடாத "95" பல்பைவிட நம்பகமானது.

இன்னொரு தந்திரம் சிஆர்ஐ-க்குள் ஒளிந்திருக்கிறது. முன்மாதிரி ஒளி எல்லாப் பல்புக்கும் ஒன்றல்ல. பல்பின் நிறவெப்பநிலை (ஒளி மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வினில் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள்) 5000 கெல்வினுக்குக் கீழே இருந்தால் அதே நிறவெப்பநிலையில் கனலும் பொருளின் ஒளி, அதற்கு மேல் போனால் பகல் வெளிச்சம். அதனால்தான் மஞ்சளாக எரியும் பழைய குண்டு பல்பு 100 வாங்குகிறது. அதன் கீழே கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்துப் பார்க்க முயன்றவர்களுக்கு அந்த 100-இன் லட்சணம் தெரியும். ஆக 2700 கெல்வின் பல்பின் 90-ஐயும் 6500 கெல்வின் பல்பின் 90-ஐயும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. இந்தக் குறைகளுக்காகவே அமெரிக்க ஒளியியல் பொறியாளர் சங்கம் 2015-இல் டிஎம்-30 என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. எட்டுக்குப் பதில் 99 மாதிரிகள். உண்மைத்தன்மைக்கு ஆர்எஃப் என்று ஓர் எண், நிறம் தூக்கலாகிறதா வெளிறுகிறதா என்பதற்கு ஆர்ஜி என்று ஓர் எண். ஆர்ஜி 100-க்கு மேலே போனால் நிறங்கள் மொத்தத்தில் இயல்பைவிடப் பளிச்சென்று தெரியும். அது கடைக்காரருக்கு நல்லது, வாங்குகிறவருக்கு அவ்வளவாக இல்லை.

மேட்ச் ஆகாத பிளவுஸ் பிட்

மேட்சிங் சென்டரில் புடவைத் தலைப்போடு வைத்துப் பார்த்து எடுத்த பிளவுஸ் பிட், மண்டபத்தில் வேறு நிறமாக நிற்பது கண்கூடு. பட்டுக்குப் போட்ட சாயம் வேறு, பருத்திக்குப் போட்டது வேறு. இரண்டும் அலைநீளத்துக்கு அலைநீளம் ஒன்றாக ஒளியைத் திருப்புவதில்லை. கடையின் விளக்கில் சிவப்பே குறைவு என்றால், சிவப்பில் உள்ள வித்தியாசம் அங்கே வெளிப்படாது. சூரிய ஒளியில் வெளிப்பட்டுவிடும். சுவரில் பழைய பெயிண்டுக்கு மேல் தொட்டுப் பூசும்போதும், ஃபால்ஸ் தைக்க நூல் எடுக்கும்போதும் இதே கதைதான். மயில்கழுத்து மாதிரி பாவும் ஊடும் வேறு நிறமாக நெய்த புடவையில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு நூலின் நிறம் செத்துவிட்டால் மினுமினுப்பே போய்விடும்.

வீட்டில் தையல் மெஷின் இருந்தால், முதல் நல்ல பல்பு அதன் மேலே போகட்டும்.

எங்கே போட வேண்டும், எங்கே வேண்டாம்

வீடு முழுக்க உயர் சிஆர்ஐ போடச் சொல்வது கடைக்காரரின் ஆசை. மாடிப்படி, வராண்டா, கழிப்பறை, மோட்டார் ரூம், கார் நிற்கும் இடம் எதற்கும் தேவையில்லை. அங்கே 80 போதும். தோல், உணவு, துணி இந்த மூன்றையும் எங்கே பார்க்கிறோமோ அங்கே மட்டும் செலவு செய்தால் சராசரி வீட்டுக்கு ஐந்தாறு இடத்துக்கு மேல் வராது.

சமையல் மேடைதான் முதலிடம். வெங்காயம் பொன்னிறமாவதும் கருக ஆரம்பிப்பதும் ஓரிரு நிமிட இடைவெளி. மீனின் செவுள் சிவப்பு, கறியின் உட்புறம் வெந்த பக்குவம், எண்ணெய் பிரிந்து மேலே வரும் சிவப்பு எல்லாமே ஆர்9 பார்த்துக்கொள்ளும் வேலை. நம் சமையலறைகளில் விளக்கு நடுக்கூரையில் அல்லது முதுகுக்குப் பின்னால் இருக்கும். நிற்பவரின் நிழல் நேராக மேடையில் விழும். எவ்வளவு நல்ல பல்பும் இந்த நிழலுக்குள் உதவாது. மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி, அலுமினியப் ப்ரொஃபைலில் ஸ்ட்ரிப் லைட் போடுவதுதான் சரி. மீட்டருக்கு 10 வாட், சிஆர்ஐ 90, 24 வோல்ட் ஸ்ட்ரிப் எடுத்தால், அரை மீட்டர் கீழே உள்ள மேடையில் பால்வெள்ளை மூடியின் இழப்பு போகவும் 500 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் வந்து விழும் லூமன்) கிடைக்கும். இரண்டரை மீட்டர் மேடைக்கு 25 வாட். அடாப்டரை 25-க்கே வாங்கினால் சூடேறிச் சீக்கிரம் சாகும், 36 அல்லது 40 வாட்டாக எடுங்கள். அதை அடுப்புக்கு மேலே வைக்காமல் பக்க அலமாரிக்குள், காற்றுப் போகும்படி வைக்க வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் விலை குறைவு என்று எடுத்தால் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் போகும், நீளம் கூடும்போது கடைசி முனை மங்கும். ஸ்ட்ரிப்பை வெறும் மரத்தில் ஒட்டுவதும் தப்பு. அலுமினியம் அழகுக்காக மட்டும் இல்லை, சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் அதுதான்.

இரண்டாவது, முகம் பார்க்கும் கண்ணாடி. தலைக்கு மேலே ஒற்றை டவுன்லைட் போட்டால் கண்குழியிலும் மூக்குக்குக் கீழேயும் நிழல் விழும். பொட்டு நேராக இருக்கிறதா என்பதே தெரியாது. கண்ணாடியின் இரண்டு பக்கமும் முகத்தின் உயரத்தில் ஒவ்வொரு விளக்கு, ஒரே பெட்டியிலிருந்து எடுத்தது. பவுண்டேஷன் போடுகிறவர்கள் சிவப்புக் குறைந்த விளக்கில் போட்டுவிட்டு வெயிலுக்கு வந்தால் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

பீரோ இருக்கும் இடம், சாப்பாட்டு மேசை, தையல் அல்லது படிப்பு மேசை அடுத்தடுத்து வரும். பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு எச்சரிக்கை: மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று எந்தப் பல்பின் கீழேயும் முடிவு செய்ய வேண்டாம், ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம்.

பூஜை அறைக்கு 2700 கெல்வின். எண்ணெய் விளக்கின் சுடர் 1900 கெல்வினை ஒட்டி இருக்கும். பக்கத்தில் 6500 கெல்வின் வெள்ளை எரிந்தால் சுடர் அழுக்கு ஆரஞ்சாகத் தெரியும், வெள்ளிச் சாமான் நீலமடிக்கும்.

வெள்ளையா மஞ்சளா

தமிழ்நாட்டு வீடுகளின் விருப்பம் தெரிந்ததே: 6500 கெல்வின், "பளிச் வெள்ளை". டியூப்லைட் பழக்கம் ஒரு காரணம். வார்ம் ஒயிட் என்றால் கரண்ட் குறைந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். அதைக் குறை சொல்லப் போவதில்லை. உச்சிவெயில் ஊரில் குளிர்ந்த நிறம் பிடிப்பதில் ஆச்சரியம் என்ன? ஆனால் 6500 கெல்வினின் பகல் தன்மை, பகல் அளவுக்கு வெளிச்சம் இருந்தால்தான் வரும். ஒற்றைப் பல்பு எரியும் அறையில் அது மழைக்கால மாலை மாதிரி மந்தமாக இருக்கும். விலை குறைந்த 6500 பல்புகளில் சிவப்புப் பஞ்சமும் அதிகம்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் 4000 கெல்வின் நல்ல நடுவழி. பெட்டியில் "நேச்சுரல் ஒயிட்" அல்லது "நியூட்ரல் ஒயிட்" என்று இருக்கும். படுக்கையறைக்கு 2700 அல்லது 3000. ஒரே அறையில் இரண்டு நிறவெப்பநிலையைக் கலந்தால் கண் எதற்குப் பழகுவது என்று திணறும், சுவர் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம்.

மூன்று நிறம் மாறும் "த்ரீ இன் ஒன்" பேனல்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. ஸ்விட்சைத் தட்டத் தட்ட வெள்ளை, மஞ்சள், இரண்டும் சேர்ந்தது. அந்த மூன்றாவது, மஞ்சள் எல்ஈடி வரிசையும் வெள்ளை வரிசையும் ஒன்றாக எரிவது. நிற வரைபடத்தில் உண்மையான 4000 கெல்வினின் நிறம் இருக்க வேண்டிய கோடு வளைவானது. இரண்டு முனைகளைக் கலந்தால் கிடைப்பது நேர்கோட்டின் மேல் ஒரு புள்ளி. அதனால் அது லேசாக இளஞ்சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். பெரிய கெடுதல் இல்லை, பலருக்குப் பிடிக்கவும் செய்யும். பச்சைப் பக்கம் சாய்ந்த வெள்ளைதான் முகத்துக்கு ஆகாது. ரிமோட்டில் பல வண்ணம் காட்டும் ஸ்மார்ட் பல்புகளில், வெள்ளைக்கென்று தனி எல்ஈடி இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து வெள்ளை செய்யும் பல்பில் நிறம் பார்ப்பது வீண்.

அளவு குறைந்தால் தரம் தெரியாது

வெளிச்சம் குறைவாக இருக்கும்போது கண்ணுக்கே நிறங்கள் சோர்ந்துதான் தெரியும். எனவே லூமன் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். 10-க்கு 12 அடி அறை சுமார் 11 சதுர மீட்டர். ஹாலுக்கு 150 லக்ஸ் வேண்டுமென்றால் 1650 லூமன் தரைக்கு வந்து சேர வேண்டும். சுவர், கூரை, தூசி, மூடி எல்லாம் பாதியைத் தின்னும் என்று வைத்தால் 3300 லூமன் வாங்க வேண்டும். 900 லூமன் தரும் ஒரு 9 வாட் பல்பு அந்த அறையில் கொடுப்பது 40 லக்ஸ்தான். அதற்குத் தங்கத்தில் பாஸ்பர் பூசினாலும் பயனில்லை.

உயர் சிஆர்ஐ பல்பு அதே வாட்டில் 10 முதல் 15 சதவீதம் குறைந்த லூமன் தரும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதை ஈடுகட்ட ஒரு வாட் கூடுதலாகப் போட்டால், தினம் ஆறு மணி நேரம் எரித்தாலும் வருடத்துக்கு இரண்டு யூனிட்தான் ஏறும். மின்கட்டணத்தைக் காரணம் காட்டி யாராவது உயர் சிஆர்ஐ வேண்டாம் என்றால் இந்த இரண்டு யூனிட்டைச் சொல்லுங்கள்.

சுவரின் நிறத்தையும் மறக்க வேண்டாம். அறையில் நம்மை வந்தடையும் ஒளியில் பெரும்பங்கு சுவரில் பட்டுத் திரும்பியது. கிளிப்பச்சைச் சுவர் சிவப்பை விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தைத் தரும். பல்பில் 95 இருந்தாலும் முகத்தில் விழும்போது அது 95 இல்லை. பச்சையும் நீலமும் அடித்த அறையில் செலவழிப்பதற்கு முன், குறைந்தது கூரையாவது வெள்ளையாக இருக்கட்டும்.

துடிப்பு

நிறம் சரியாக இருந்தும் தலைவலி தரும் பல்புகள் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அதைச் சமன்செய்வது டிரைவரில், அதாவது எல்ஈடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்றில், உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். அதைச் சிறியதாக்கினாலோ, எல்லாப் பாகமும் ஒரே தட்டில் இருக்கும் "டிஓபி" வகையில் அடியோடு விட்டுவிட்டாலோ, பல்பு வினாடிக்கு 100 தடவை மங்கி எரியும். இதற்காக ஐஇஇஇ என்ற பன்னாட்டு மின்பொறியாளர் அமைப்பின் 1789 எண் பரிந்துரை 2015-இல் வந்தது. 100 ஹெர்ட்ஸ் துடிப்பு 8 சதவீதத்துக்குள் இருந்தால் அபாயம் குறைவு என்று அதன்படி கொள்ளலாம்.

சோதிப்பது எளிது. கைப்பேசி கேமராவை ப்ரோ மோடில் வைத்து ஷட்டரை 1/2000 அல்லது அதற்கும் வேகமாக்கி, பல்பின் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். இருட்டுப் பட்டைகள் ஓடினால் துடிப்பு இருக்கிறது. ஸ்லோ மோஷன் வீடியோவிலும் தெரியும். கைப்பேசி இல்லாவிட்டால் ஒரு பென்சிலை முகத்துக்கு முன் வேகமாக ஆட்டுங்கள். தொடர்ச்சியான மங்கல் நிழல் தெரிந்தால் நல்லது, தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் பல்பைத் திருப்பிக் கொடுங்கள்.

மின்விசிறி வேறு வகைத் துடிப்பைத் தரும். 48 அங்குல விசிறியின் வட்டத்துக்கு மேலே கூரையில் டவுன்லைட் இருந்தால், இறக்கைகள் ஒளியை வெட்டிக்கொண்டே இருக்கும். இதற்குப் பல்பை மாற்றிப் பயனில்லை. விளக்கு விசிறி வட்டத்துக்கு ஒரு அடியாவது வெளியே போக வேண்டும், அல்லது இறக்கை மட்டத்துக்குக் கீழே சுவருக்கு வர வேண்டும். ஃபால்ஸ் சீலிங் வரைபடம் போடும் அன்றே விசிறியின் வட்டத்தை அதில் வரைந்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

பெட்டியைப் படிப்பது

முதலில் பெட்டியில் சிஆர்ஐ என்று எண் இருக்கிறதா பாருங்கள். "ட்ரூ கலர்", "ஐ கேர்", "நேச்சுரல் லைட்" எல்லாம் எண் ஆகாது. எண் இல்லையென்றால் 80 என்று எடுத்துக்கொள்வதே தாராளம். ஆர்9 பெட்டியில் இருக்காது. தயாரிப்பாளரின் தளத்தில் டேட்டா ஷீட்டிலோ, எல்எம்-79 சோதனை அறிக்கையிலோ இருக்கும். ஸ்ட்ரிப், சிஓபி (பல சில்லுகளை ஒரே தட்டில் நெருக்கிப் பதித்த) டவுன்லைட் விற்கும் ஒழுங்கான வியாபாரிகள் கேட்டால் அனுப்புவார்கள். அதே மாடல் எண்ணில் ஐரோப்பாவிலும் விற்கப்படும் பல்பு என்றால் ஒரு குறுக்குவழி உண்டு: எப்ரல் என்ற ஐரோப்பிய ஒன்றியத் தரவுத்தளத்தில் அந்த மாடலின் தகவல் தாளைத் திறந்தால் சிஆர்ஐ, ஆர்9, துடிப்பு அளவுகள் எல்லாம் வரிசையாக இருக்கும்.

நமக்கு இன்னொரு தடை ஹோல்டர். உயர் சிஆர்ஐ பல்புகள் பெரும்பாலும் திருகு வகையில், ஈ27-இல்தான் வருகின்றன. நம் வீட்டு ஹோல்டர்கள் பி22 பின் டைப். பின்னிலிருந்து திருகுக்கு மாற்றும் அடாப்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். ஆனால் அது பல்பை ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே தள்ளும், மூடியுள்ள விளக்கில் இடிக்கும். ஹோல்டரையே மாற்றுவது ஐந்து நிமிட வேலை, மெயினை அணைத்துவிட்டு. திருகு ஹோல்டரில் ஃபேஸ் நடுப்புள்ளிக்கும் நியூட்ரல் திருகுக் கூட்டுக்கும் போக வேண்டும், இல்லாவிட்டால் பல்பைக் கழற்றும் கைக்கு ஷாக் அடிக்கும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் ஆசையாகக் கொண்டுவரும் பல்பு நம் திருகு ஹோல்டரில் ஏறும். அது 120 வோல்ட்டுக்கானது, 230-இல் போட்ட மறுகணம் முடிந்தது.

வயலட் சில்லு என்று எழுதியிருந்தால், அது நீலத்துக்குப் பதில் ஊதாவில் தொடங்கி மூன்று பாஸ்பர்களால் வெள்ளையைக் கட்டும் வகை. சியோல் செமிகண்டக்டரின் சன்லைக் அந்தக் குடும்பம். அந்த 480 நானோமீட்டர் பள்ளமும் இதில் பெருமளவு நிரம்பிவிடும். விலை கூடுதல். ஓவியம் வரைகிற மேசைக்குச் சரி, சமையலறைக்குத் தேவையில்லை.

வாங்கிய பிறகு

அளவுகோல் கருவி இல்லாமலே பாதி உண்மையைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பழைய சிடியைச் சாய்த்துப் பிடித்து பல்பின் பிரதிபலிப்பில் வானவில்லைப் பாருங்கள். சாதாரணப் பல்பில் சிவப்பு சீக்கிரமே மங்கிவிடும். நல்லதில் அகலமான சிவப்புப் பட்டை தெரியும். சிலவற்றில் சிவப்பில் கூர்மையான ஒரு கீற்று நிற்கும். அது கேஎஸ்எஃப் என்ற பாஸ்பர், 631 நானோமீட்டரை ஒட்டிக் குறுகலாக ஒளிர்வது. அதிக லூமனை இழக்காமல் ஆர்9-ஐ உயர்த்த அதைப் போடுகிறார்கள். ஏமாற்று வேலை இல்லை.

அடுத்தது பொருள் சோதனை. இரவில், வேறு விளக்கில்லாத அறையில், அந்த ஒரு பல்பை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் இருங்கள், கண் பழகட்டும். மிளகாய்த்தூள், குங்குமம், தக்காளி, அரக்குத் துணி, உங்கள் உள்ளங்கை. எங்காவது பழைய குண்டு பல்பு கிடந்தால் அதைப் போட்டு மறுபடி பாருங்கள், 2700 கெல்வின் பல்புக்கு அதுதான் உரைகல். 6500-க்கு உரைகல் மறுநாள் காலை வடக்கு ஜன்னலோரம். இரண்டு பல்பை ஒரே நேரம் எரியவிட்டு ஒப்பிட்டால் மஞ்சள் பல்பு எப்போதும் தோற்கும், அது நியாயமான போட்டி இல்லை.

நல்ல பல்பைக் கொல்வது பெரும்பாலும் சூடு. கண்ணாடிக் கூண்டு, முழுக்க மூடிய கிண்ணம் இவற்றுக்குள் காற்றுப் போகாது. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சித்திரை மாத மாடி அறைக் கூரையில் அதற்கு ஏற்கெனவே பாதி ஆயுள் போயிருக்கும். ஃபால்ஸ் சீலிங்கில் பல்பும் டிரைவரும் தனித்தனியாக உள்ள சிஓபி டவுன்லைட் எடுத்தால், சாகும்போது டிரைவரை மட்டும் மாற்றலாம். மாற்றுமுன் பழையதன் மேல் எழுதியிருக்கும் மில்லிஆம்பியரைப் பார்த்து அதே அளவு வாங்குங்கள். 300 உள்ள இடத்தில் எலக்ட்ரீஷியன் கையில் இருந்த 350-ஐப் போட்டுவிட்டுப் போனால் வெளிச்சம் கூடும், சில்லும் பாஸ்பரும் வெந்து சில மாதத்தில் நிறம் மாறும்.

அணைத்த பிறகும் மினுக்மினுக் என்று மின்னும் பல்பு கெட்டுப்போனது அல்ல. ஸ்விட்சில் உள்ள இண்டிகேட்டர் வழியாகக் கசியும் மின்சாரம், அல்லது ஸ்விட்சு நியூட்ரலை வெட்டுகிறது. இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்சு போட்டும் நிற்கவில்லையென்றால் வயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். இது பாதுகாப்பு விஷயமும்கூட.

கடைசியாக, ஒரு அறைக்கு வேண்டிய பல்புகளை ஒரே நாளில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்கி, கூட ஒன்றை எடுத்து வையுங்கள். அடுத்த பேட்சில் வருவது பெயரளவில் அதே 4000 கெல்வினாக இருந்தாலும் பக்கத்தில் எரியும்போது நிறம் லேசாக விலகி நிற்கும். பல்பின் கழுத்தில் மார்க்கரால் மாட்டிய தேதியை எழுதிவிட்டு, பெட்டியைத் தூக்கிப் போடாமல் பில்லோடு லாஃப்டில் வைத்துவிடுங்கள். இரண்டு வருட வாரண்டிக்குப் போய் நிற்கும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.